ஒரு கார்டு போதும்

அந்தக் கையெழுத்தை நான் அடையாளம் கண்டது கார்டைக் கிழிப்பதற்கு முன்பா, கிழித்த பிறகா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சில நாள், முன்பே தெரிந்தது என்று தோன்றும். சில நாள், பிறகுதான் என்று சத்தியம் பண்ணலாம் போலிருக்கும். நடந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம். நினைவில் உள்ளதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சந்து உள்ளே போகும். அதில் நாற்பது குடிசைகள். எல்லாரும் துறையூருக்கு அப்பால், மலையடிவாரத்து ஒரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் பங்காளிகள். வாழைத்தார் சுமை இறக்குகிறவர்கள். சந்துக்குப் பின்னால் ரங்கசாமியின் அரிசி ஆலை. எங்கள் வார்டின் நகராட்சி உறுப்பினரும் அவர்தான். ஆலைக்கு லாரி வர வழி வேண்டும். குடிசைகளை எடுத்தால் வழி கிடைக்கும். மறுபடி ஜெயித்தால் முதல் தீர்மானம் அதுதான் என்று கடைத்தெருவில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

அதனால் சுமைக்காரர்களின் மேஸ்திரி வீரமலை அவரை எதிர்த்து நின்றான். சின்னம் பூட்டு. மற்றத் தெருக்களில் இருவருக்கும் ஏறக்குறையச் சமம் என்றார்கள். சந்தின் தொண்ணூற்றிரண்டு ஓட்டுகள்தான் தீர்மானிக்கும். ஓட்டு போனால் குடிசை போகும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். சந்தில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. யாருக்குத் தபால் வந்தாலும் என் வாசலுக்கு வரும். சாவுக் கார்டும் வரும். அதன் நான்கு முனைகளிலும் கறுப்பு மை தடவியிருக்கும். அதை வாசலில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அப்படி எத்தனையோ கார்டுகளைக் கிழித்திருக்கிறேன்.

ஓட்டுப் போடும் நாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே சந்து முழுக்க எண்ணெய் வைத்துத் தலைவாரித் தயாராக நின்றது.

"ஒம்பது அடிக்கட்டும் சார்," என்றான் வீரமலை. "ராகு காலத்துல போட்ட ஓட்டு பெட்டிக்குள்ளயே செத்துரும். கரெக்டா ஒம்பதுக்கு ஊர்வலமா கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. நான் பூத்துல நிக்கிறேன்."

அவன் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். சந்திலிருந்து வள்ளிக்கண்ணு ஒரு கார்டை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வாசல்ல கெடந்துச்சு. முனை கறுத்திருக்கு. யாருன்னு பாருங்க."

படித்தேன். காளியாயி நேற்று மாலை காலமானார். இன்று பகல் மூன்று மணிக்கு எடுப்பு. உடனே வரவும்.

காளியாயி வள்ளிக்கண்ணுவின் தாய். சந்திலிருந்த பாதிப்பேருக்குப் பெரியாத்தா, மீதிப்பேருக்கு அப்பாயி. கார்டை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். வள்ளிக்கண்ணு போட்ட கூச்சலில் நாற்பது வாசல்களும் நிறைந்துவிட்டன. டோல்கேட்டில் துறையூர் பஸ் ஒன்பதேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது பன்னிரண்டுக்கு. அதில் போனால் முகம்கூடப் பார்க்க முடியாது.

ஞாயிறு மாலை செத்தவளைப் பற்றி மலையடிவாரத்தில் எழுதிய கார்டு திங்கள் காலை எட்டரைக்கு இங்கே எப்படி வரும்? பிழை பார்ப்பதே பிழைப்பாக உள்ள நான் அதைக் கேட்கவில்லை. தபால் முத்திரை இருந்ததா என்றும் பார்க்கவில்லை.

வீரமலை ஓடி வந்தபோது எல்லாரும் தெருமுனையில் இருந்தார்கள். என் பக்கம் திரும்பினான்.

"போகாதீங்கன்னு எந்த வாயால சொல்றது சார்? எனக்கும் பெரியாத்தா அவ."

பங்காளி சாவுக்குப் போகாதவன் வீட்டில் நாளைக்குப் பாடை தூக்க ஆள் வராது. அவனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"நீ இருடா," என்றாள் வள்ளிக்கண்ணு, அழுகைக்கு நடுவில். "ஓட்டுப் போட ஒருத்தனாவது வேணாமா?"

பத்து மணிக்கு நான் ஓட்டுப் போடப் போனேன். ரங்கசாமியின் ஆட்கள் வீரமலையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பூட்டுக்குப் போடுங்கன்னு கேட்டே. சந்தே பூட்டிக்கிட்டுப் போயிருச்சு பாத்தியா, மேஸ்திரி!"

சாவு விழுந்த வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்றுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை திரும்பி வந்தார்கள். வள்ளிக்கண்ணு நேரே என் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"புளி தட்டிக்கிட்டு இருக்குண்ணே எங்காத்தா," என்றாள். "நாங்க மாரடிச்சிக்கிட்டுப் போய் நிக்கிறோம். 'எவன்டி என்னைக் கொன்னது? வந்தது வந்தீங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க'ங்குது."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஓட்டுக்காகக் குடம் கொடுப்பார்கள், வேட்டி கொடுப்பார்கள், கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். உயிரோடிருக்கும் ஒருத்தியைச் சாகடிப்பார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை.

வீரமலை முப்பத்தோரு ஓட்டில் தோற்றான்.

வக்கீல் சொன்னாராம்: "கார்டு இருந்தா கேஸ் போடலாம். இல்லைன்னா வெறும் வாய்ப்பேச்சு." வீரமலையும் நானும் சாக்கடையில் கையை விட்டுத் தேடினோம். கறுப்பு முனை ஒன்று கிடைத்தது. எழுத்தில்லாத முனை.

மறுநாள் அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாக்கியநாதனோடு உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டுவந்தோம். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு அழைப்பிதழும் நோட்டீசும் எழுதித் தருவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். அந்த மௌனத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அந்தக் காலத்து 'லை'யில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு சுழி இருக்கும்; அதை மேல்வரி வரைக்கும் தூக்கிவிடுவார். கார்டிலிருந்த 'மாலை'யிலும் அப்படித்தான். அவருடைய எழுத்தைத் தினம் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

"அந்தக் கார்டு…" என்றேன்.

அவர் தூக்குப் பாத்திரத்தை மூடினார்.

"நாப்பது வீட்டுக்கும் நாப்பது கார்டுன்னுதான் ரங்கசாமி சொன்னாரு. ஒண்ணு போதும்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"கிழவி போனா ஒரு மணி நேரத்துல சந்து காலியாயிடும்னு நீங்கதானே சார் ஒரு நாள் சொன்னீங்க. கார்டும் உங்க கைக்குத்தான் வரும். படிச்ச உடனே கிழிச்சிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

ரங்கசாமியின் ஆலை, வீரமலையின் பூட்டு எல்லாம் எங்கோ தள்ளிப் போய்விட்டன. என் கையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

"எம் பொண்ணு அமலராணிக்கு நகராட்சிப் பள்ளிக்கூடத்துல வேலை போட்டுத் தரேன்னாரு," என்றார். "ட்ரெய்னிங் முடிச்சு நாலு வருஷமா வீட்டுல இருக்கு பொண்ணு." பிறகு மெதுவாக, "வக்கீல்கிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க சார். கேட்டா ஒத்துக்குவேன். ஆனா நானா போய்ச் சொல்லமாட்டேன்."

அன்று சாயங்காலம் வீரமலை வந்தான். "சார், நீங்க எழுத்தைப் பாத்தே பொழைக்கிறவரு. யாரு எழுத்துன்னு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவன் தோளுக்குப் பின்னால் சந்தைப் பார்த்தேன்.

"ஞாபகமில்லை," என்றேன்.

அன்றிலிருந்துதான் எனக்கு உண்மையாகவே ஞாபகம் குழம்பிப்போனது.

வழக்குப் போடவில்லை. அந்த ஆடியில் குடிசைகளைப் பிரித்தார்கள். வள்ளிக்கண்ணுவும் பதினோரு குடும்பங்களும் ஊருக்கே திரும்பின. மற்றவர்கள் டோல்கேட்டுக்கு அப்பால் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். வீரமலை காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறான். மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. ரங்கசாமி அடுத்த முறையும் ஜெயித்து, பதவியில் இருக்கும்போதே இறந்தார். அமலராணி மூன்றாம் வகுப்பு டீச்சராக இருக்கிறாள். நல்ல டீச்சர் என்கிறார்கள். பாக்கியநாதனும் நானும் மேலும் ஏழு வருஷம் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் அறுபத்தாறில் காலமானார். காளியாயி அறுபத்துமூன்றில் இறந்தாள். செய்தியை வீரமலைதான் வந்து சொன்னான். எனக்குக் கார்டு வரவில்லை.