வடிகட்டிக்கு இடமில்லை

"நான் என்ன கப்பல்லயா சரக்கு அனுப்பறேன்? ஏற்றுமதின்னு இருந்தா அதை எதுக்குங்க தொடப் போறேன்?"

தொலைபேசியில் மாட்டு டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்றது. தகவலை வெளியே எடுக்கும் பட்டனுக்கு 'ஏற்றுமதி' என்று பெயர் வைத்தவன் தம்பி. மாட்டு வைத்தியர்கள் குறிப்பு வைத்துக்கொள்ளும் மென்பொருளை எழுதுவது அக்கா, விற்பது தம்பி. அந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் மாட்டுக்காரர் பெயரும் தேதியும்தான் வந்திருக்கும். டாக்டரம்மா அடுத்த மாதம் வேறு மென்பொருள் வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்கிறார். பதினோரு வருடம் தட்டி வைத்த குறிப்புகளும் கூடப் போயாக வேண்டும்.

அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்த பழையதை உடைத்துப் போட்டாள். உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் படிக்க ஒரு பகுதி. படித்ததை அட்டவணையாகத் தர ஒன்று, வெறும் எழுத்தாகத் தர ஒன்று, அச்சடிக்க ஒன்று. ஒன்றைக் கழற்றினால் மற்றது அசையாது. நாளைக்குப் புது வடிவம் கேட்டால் இன்னொரு துண்டை மாட்டினால் போதும். காகிதத்தில் வரைந்து தம்பி முன் நீட்டினாள்.

"அழகா இருக்குக்கா. நடுவுல ஒரு வடிகட்டி போடு. பேரு, தேதி போகட்டும். குறிப்பு வேண்டாம்."

"குறிப்புலதானடா எல்லாம் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். மொத்தத்தையும் கையில குடுத்துட்டா எவன் நம்மகிட்ட இருப்பான்?"

"பிடிச்சவன் இருப்பான். கட்டிப் போட்டா இருக்க வைக்கணும்?"

பக்கத்து அறையில் வேலை செய்பவர்களுக்குக் கேட்காமலிருக்கத் தம்பி குரலைத் தாழ்த்தினான். "இது என் கம்பெனி."

"உன்னோடதுதான். அவங்க எழுதினது அவங்களோடது. நடுவுல இடமே விடல. வடிகட்டி வேணும்னா எல்லாத்தையும் உடைக்கணும். கீபோர்டு இதோ, உடை."

தம்பிக்கு மென்பொருளில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. கீபோர்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"சரி, இந்தப் புதுசை அந்தம்மாவுக்கு மட்டும் அனுப்பு. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

இந்த 'சரி'யில்தான் அவன் எப்போதும் ஜெயிப்பான். பாதி விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும். எழுந்து போகும்போது முழுசும் அவன் கையில் இருக்கும். ஐம்பது வயதுக்குப் பிறகாவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று நினைத்துத்தான் காலையிலேயே ஒரு வேலை செய்திருந்தாள்.

"நம்மகிட்ட வாங்கின எல்லாருக்கும் புதுசு போயிடுச்சு. நீ டீ குடிக்கப் போனப்போ. பட்டன் பேரையும் மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"'எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்'னு."

தம்பி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. டாக்டரம்மா. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துடுச்சுங்க. எல்லாமே இருக்கு. படிக்கறேன், கேளுங்க. கறுப்புப் பசு, இடது பக்கம் போனா உதைக்கும். சிவப்புக் கன்று, தாய் இல்லை. கொம்பு ஒடிஞ்ச கிடாரி, ஊசி போடறப்போ பேச்சுக் குடுத்துட்டே இருக்கணும்..."

தம்பி போனை அணைக்கக் கை நீட்டினான். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்து, சத்தத்தை முழுவதும் கூட்டினாள். பக்கத்து அறையில் தட்டச்சு ஒவ்வொன்றாக நின்றது. டாக்டரம்மா அடுத்த மாட்டுக்குப் போனார்.