பத்து நாள் பொறுத்த கையெழுத்து

ராணுவத் தலைமையகத் தையற்காரருக்குத் தெரியாத தோள்பட்டை கிடையாது. சிப்பாய் முதல் தளபதி வரை முப்பது வருஷமாக அவருடைய அளவு நாடாவுக்குத் தோள் காட்டி நின்றவர்கள்தான். யாருக்கு மேல் யார் என்பது அவருக்கு அத்துப்படி. கடைசியில் அந்த ஞானமே அவரைக் கவிழ்த்துவிட்டது.

அவருடைய மகன் எல்லைச் சண்டையில் செத்தான். உடல் கிடைக்கவில்லை. கோப்பில் 'ஓடிப்போனவன்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவன் குண்டடிபட்டு ஆற்றில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அந்தச் சொல்லை அடிக்கத் தலைமைத் தளபதியின் கையெழுத்து வேண்டுமாம். நாலு வருஷமாக மருமகள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

அந்தத் தளபதிக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி வந்தது. ராணுவத்தில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓய்வும் இல்லை, சாகும்வரை சீருடைதான். பதவியேற்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பு புதுச் சீருடைக்கு அளவெடுக்கப் போன தையற்காரர், மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். தளபதி நல்ல மனுஷன். சாட்சிக் கடிதங்களை முழுக்கப் படித்துவிட்டு, இப்போதே போட்டுத் தருகிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

வாங்கித் தொலைத்திருக்கலாம். புத்தி கெட்ட மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, இன்னும் பத்து நாள்தானே. ஃபீல்டு மார்ஷலாவே போட்டுக் குடுங்க. அப்புறம் எவனும் வாய் திறக்க முடியாது."

தளபதிக்கும் அது இனித்தது. பேனாவை மூடினார்.

விழா முடிந்த மறுநாள் தையற்காரர் காகிதத்தோடு போனார். மேஜையில் ஒரு கோப்புகூட இல்லை. ஃபீல்டு மார்ஷல் காகிதத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பதவிக்கு மரியாதை உண்டு, அதிகாரம் கிடையாது. கோப்பெல்லாம் புதுத் தளபதியிடம் போய்விட்டது என்றார். புதுத் தளபதி யார் தெரியுமா? மகனுடைய படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்து, 'ஓடிப்போனவன்' என்று தன் கைப்பட எழுதிய அதே ஆள்.

"எனக்கு மேலயும் யாரும் இல்ல, கீழயும் யாரும் இல்லய்யா. என் கையெழுத்து இனிமே இதுலதான் செல்லும்" என்று ஃபீல்டு மார்ஷல் தன் புகைப்படம் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே மருமகள் நின்றிருந்தாள். கையெழுத்து வாங்கினீர்களா என்று கேட்டாள். வாங்கிவிட்டேன் என்று படத்தை நீட்டினார். அவள் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல அவர் பேரு எங்க இருக்கு?"