பத்தாம் நம்பர் ஸ்பேனர்

விமானத்தைக் கட்டிக்கொண்ட மனுஷன் எதற்காக இன்னொரு கல்யாணமும் பண்ணிக்கொண்டார் என்பது ரெக்கையாரின் மனைவிக்கு நாற்பது வருஷமாக விளங்காத விஷயம். கொட்டகையில் நிற்கும் அந்த இரண்டு இருக்கை விமானத்தை அவள் 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வாள். அதில் ஒரு போல்ட் தளர்ந்தால் ரெக்கையாருக்குச் சோறு இறங்காது. வீட்டு ஃபேன் ஆறு மாதமாக ஆடியது; அதன் கீழேயே நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் என்ன நினைத்தாரோ, ஃபேனைச் சரிசெய்து மாட்டிவிட்டார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் படபடத்தது. வயசு அறுபத்தொன்பது. மறுநாளோடு பறக்கும் லைசென்ஸ் முடிகிறது. பரிசோதனைக்கு வரும் அதிகாரியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஒழுங்காக இறங்கினால் இன்னும் ஒரு வருஷம். இல்லையென்றால் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவியும் தொங்கும் இடத்தில் அதன் வடிவத்திலேயே மஞ்சள் பெயிண்ட். கீழே சிவப்பில் ரெக்கையாரே எழுதிய கட்டளை: 'மஞ்சள் தெரிந்தால் விமானம் நகராது.' காணாமல் போன கருவி எஞ்சினுக்குள் கிடக்கலாம் அல்லவா? இதை மீறியதற்காகச் சொந்த மச்சானையே விரட்டியடித்தவர் அவர்.

மறுநாள் காலை பத்தாம் நம்பர் ஸ்பேனரின் இடத்தில் மஞ்சள் பல்லிளித்தது.

எஞ்சின் மூடியைத் திறந்தார். தரைப் பலகைகளைக் கழற்றினார். வால் வரைக்கும் டார்ச் அடித்தார். ஸ்பேனர் இல்லை. அதற்குள் வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது. எவருக்குத் தெரியப்போகிறது என்று பலகைமேல் தன் கோட்டை மாட்டினார். மஞ்சள் மறைந்தது. இரண்டு நிமிஷம்கூட மனசு தாங்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு கோட்டை எடுத்துவிட்டார்.

"மேடம், வண்டி எழும்பாது. ஒரு ஸ்பேனரைத் தொலைச்சுட்டேன்."

அவர் மகள் வயசிருக்கும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "லைசென்ஸ் இன்னைக்கோட முடியுது, தெரியுமில்ல? பன்னெண்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன்."

"தெரியும் மேடம்." அழுகை முட்டியது. அதை மறைக்கத் தும்மினார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். "நல்லாப் பண்ணுனீங்க ரிப்பேரு! ஃபேனுக்கு மேல, அந்தக் கிண்ணத்துக்குள்ள ஏதோ லொடலொடங்குது."

ரெக்கையாருக்குச் சட்டென்று உறைத்தது. "அதைத் தொடாதே! இதோ வந்துட்டேன்!"

"ஆறு மாசம் கெஞ்சினப்போ இந்த வேகம் எங்க போச்சு?"

இந்தக் கூத்தைக் கண்ணால் பார்க்க அதிகாரியும் கூடவே கிளம்பினார். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ரெக்கையார் ஏறிக் கிண்ணத்தைக் கழற்ற, ஸ்பேனர் மெத்தையில் விழுந்தது. ஃபேனை அப்படியே அலங்கோலமாக விட்டுவிட்டு ஸ்பேனரோடு ஓடினார்.

மூடிகளை மாட்டி, பதினொன்றரைக்கு விமானம் எழும்பியது. இறங்கியபோது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். "உங்க ஞாபகத்தை நான் நம்பல சார். அந்தப் பலகையை நம்பித்தான் போடுறேன்."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சந்தோஷத்தில் வீடு வரை விசிலடித்துக்கொண்டே போனார்.

மனைவி பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். "பாஸா?"

"பாஸ்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே அதை மடக்கிக்கொண்டாள். "அப்போ இந்த ஃபேன்?"

"ஸ்பேனர் பலகையில இருக்கு. இனிமே எடுத்துட்டு வர முடியாது."

அவள் பேப்பரைக் கீழே போட்டாள். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

மறுநாள் காலை காபிக்குச் சமையலறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். சுவரில் ஒரு புது ஸ்பேனர் தொங்கியது. அதைச் சுற்றி ஈரம் காயாத மஞ்சள் பெயிண்ட். கீழே சிவப்பில், கோணல்மாணலான எழுத்தில்: 'மஞ்சள் தெரிந்தால் சோறு கிடையாது.'