இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

எங்கள் வீட்டில் பெரியவர்கள் குளிருக்குப் போட ஒரே ஒரு கோட்டுதான் இருந்தது. ஆளுக்கொன்றாக வாங்கலாம் என்று என் மனைவி சொல்லத்தான் செய்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எப்ப வெளிய போறோம், ரெண்டு கோட்டு வாங்க?" என்று மடக்கினேன். மடக்கிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படித் தட்டித் தட்டியே என் தோள் வீங்கிப்போயிருந்தது.

ஏற்பாடு இதுதான். அவளுக்கு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்டு. பிள்ளைகள் எழுவதற்குள் போய்விடுவாள். எனக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவேன். ஒருவருக்கு வார விடுமுறை என்றால் மற்றவர் அன்று இரண்டு ஷிப்டும் பார்ப்பது. பிள்ளைகளை வெளியாளிடம் விட வேண்டியதில்லை. எந்த நேரமும் பெற்றவர்களில் ஒருவர் கையில் இருப்பார்கள். இதையெல்லாம் யோசித்து, இரண்டு மேலதிகாரிகளிடமும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவன் நான். மூளை அப்படி.

ஆக, நாங்கள் நாலு பேரும் விழித்தபடி ஒன்றாக இருக்கிற இடம் பஸ் ஸ்டாப். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெரியவளை ஒரு கையிலும், இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னவனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டருக்குள் உருண்டையாக நிற்பேன். பஸ் வரும். நடுக்கதவில் அவள் இறங்குவாள். இறங்கும்போதே கோட்டைக் கழற்றுவாள். முன்கதவை நோக்கி நடந்தபடியே நான் கையை நுழைப்பேன்.

"பால் இல்ல. பெரியவளுக்கு மூக்கு ஒழுகுது. சாதம் வெச்சாச்சு." இது நான்.

"பின்னாடி சீட்ல ஜன்னல் மூடாது, உக்காராதீங்க."

அவ்வளவுதான் இல்லறம். என் இரண்டாவது கை உள்ளே போகிற வரை ஓட்டுநர் கதவை மூட மாட்டார். நல்ல மனுஷன். கோட்டு அவள் உடம்புச் சூட்டோடு இருக்கும், முதியவர்களுக்குப் போடுகிற பவுடர் வாசனையோடு. இரண்டு பிள்ளை பெற்ற தம்பதி கட்டிக்கொள்வதற்கு எங்களுக்கிருந்த வழி அது ஒன்றுதான். பஸ் திரும்புகிற வரை சின்னவன் கையாட்டுவான். அழ மாட்டான். 'என்ன ஒரு பக்குவம்!' என்று அதற்கும் என் தோளையே தட்டிக்கொள்வேன்.

அன்று வேலைக்குப் போன சற்று நேரத்தில் பாய்லர் படுத்துவிட்டது. நீராவி இல்லையென்றால் விரிப்பைத் தேய்க்கிற உருளை சுடாது. உருளை சுடாவிட்டால் படுக்கைவிரிப்புக் காயாது. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கிளம்பும்போது மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஊரைவிட்டுப் போகிறாராம். மாலை ஷிப்டுக்கு அடுத்த மேற்பார்வையாளனாக என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். ஷிப்டு மாறாது, இன்றிருக்கிற விடுமுறை நாளும் மாறாது. மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த இடத்தில் மேஸ்திரி! இதை ஸ்டாப்பில் மூன்று வாக்கியத்தில் சொல்ல முடியாது. பாய்லருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே மாடியேறினேன்.

கதவைத் திறந்தபோது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள் பதறி எழுந்தாள்.

"எனக்கென்ன? பாய்லருக்குத்தான். இன்னிக்கு நாலு பேரும் ஒண்ணா சாப்பிடலாம்!"

பெரியவள் "ஹை!" என்றாள். சின்னவன் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினான். நான் கழற்றி மாட்டிய கோட்டைத் தாவி இழுத்தான். அவன் உயரத்துக்கு அது ஒரு மலை. தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போய் அம்மா மடியில் வைத்தான். திரும்ப ஓடி அவளுடைய ஷூவை எடுத்து வந்து, இடது வலது மாற்றி, அவள் காலடியில் வைத்தான்.

"என்னடா இது?" அவள் சிரித்தாள். "நான் எங்கடா போறேன்?"

"அப்பா வந்தாச்சுல்ல."

"வந்தா?"

"நீ போகணும்."

குரலில் கோபம் இல்லை. பிடிவாதம் இல்லை. ஓட்டுநர் அடுத்த ஸ்டாப்பைச் சொல்வது போலச் சொன்னான். உதடு மட்டும் லேசாக நடுங்கியது. அதை உள்ளே மடித்து வைத்துக்கொண்டான்.

பெரியவள்தான் விளக்கினாள். "நான்தான்ப்பா சொல்லிக் குடுத்தேன். முன்னாடியெல்லாம் நீ பஸ் ஏறினா கத்துவான்ல? அப்பா போனாத்தான்டா அம்மா வர முடியும், அம்மா போனாத்தான் அப்பா வர முடியும், நம்ம வீட்ல ஒருத்தர்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அழறதே இல்ல." பாராட்டை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். என் மகள் அல்லவா! தோளைத் தட்ட ஆள் தேடினாள்.

தட்டிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

நான் சின்னவன் முன்னால் குந்தினேன். இன்றைக்கு யாரும் போக வேண்டாம், வேலையே இல்லை, பாய்லர் தூங்குகிறது என்றேன். குதிரையானேன். எல்லாப் பல்லையும் காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் நம்பவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே உட்கார்ந்துவிட்டான். சாப்பிட வரவில்லை. எங்கள் இருவரில் யார் எழுந்தாலும் அவன் தலை கூடவே திரும்பியது. சாப்பாட்டு மேசைக்கு மூன்று நாற்காலிதான் வாங்கியிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சின்னவன் வருவான் என்று அவன் நாற்காலியை விட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், மேஸ்திரி.

தட்டைத் தள்ளிவைத்தேன். "கிளம்புங்க. எல்லாரும் ஸ்டாப்புக்குப் போறோம்" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? யாருக்குக் கோட்டு?"

"அவனுக்கு."

அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டாள். நான் என் இரண்டு ஸ்வெட்டர். பெரியவளுக்கு அவளுடைய சின்னக் கோட்டு. சின்னவனுக்குப் பெரிய கோட்டைப் போட்டுக் கையை நாலு மடிப்பு மடித்துவிட்டேன். வால் தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டாப்பில் நாங்கள் மட்டும்தான். காற்று காதைக் கடித்தது.

பஸ் வந்தது. அதே ஓட்டுநர். வழக்கம்போல இரண்டு கதவையும் திறந்துவிட்டு, யார் கோட்டு மாற்றப் போகிறார்கள் என்று பார்த்தார். சின்னவன் விறைத்துப்போனான். அக்காவின் கையைப் பிடித்து மெல்லச் சொன்னான்:

"அக்கா, கோட்டு நான் போட்டிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. மூளைக்காரன் செய்த வேலையைப் பாருங்கள்! பயத்தைப் போக்க அழைத்து வந்து, அவனுக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். அவன் கழற்றவும் இல்லை, ஓடவும் இல்லை. திறந்த கதவையே பார்த்துக்கொண்டு, முறைப்படி முதல் காலை எடுத்து வைத்தான்.

தூக்கிக்கொண்டேன். "கோட்டு குளிருக்குடா கண்ணா. வேற எதுக்கும் இல்ல. யாரும் போகல." ஓட்டுநரைப் பார்த்துத் தலையாட்டினேன், இன்று யாருமில்லை என்று. அவர் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். சின்னவனுக்கு சல்யூட் அடித்தார். கதவு மூடியது. பஸ் போனது.

திருப்பம் தாண்டும்வரை சின்னவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை எண்ணுவது போல எங்கள் மூவரையும் பார்த்தான்.

"அடுத்த பஸ்ல?"

"அதுலயும் யாரும் போகல."

"பாக்கலாம்" என்றான்.

அதனால் நின்றோம், ஏறாமல் இருப்பதற்காக ஒரு பஸ்ஸை எதிர்பார்த்து. அப்போதுதான் மனைவியிடம் மேற்பார்வையாளர் சொன்னதைச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டாள்.

"பெரிய விஷயம்தானே. உங்களுக்கு ஆசையா இருக்குமே."

"இருக்கு. வேணாம்னு சொல்லப் போறேன். பதிலா உன் விடுமுறை நாள்லயே எனக்கும் விடுமுறை குடுங்கன்னு கேக்கப் போறேன்."

"குடுக்கலேன்னா?"

"அழுவேன். அவனுக்குச் சொன்ன மாதிரி எனக்கு யாரும் சட்டம் சொல்லிக் குடுக்கலையே."

அவள் சிரிக்கவில்லை. போர்வையின் ஒரு பக்கத்தைத் தூக்கி என்மேலும் போட்டாள்.

அடுத்த பஸ் வந்தது, வேறு ஓட்டுநர். கதவு திறந்தது, மூடியது, போனது. சின்னவன் பெருமூச்சு விட்டு என் தோளிலிருந்து இறங்கினான். கோட்டிலிருந்து ஒவ்வொரு கையாக உருவிக்கொண்டான்.

"அப்பா, உனக்குக் குளிருதுல்ல? போட்டுக்கோ" என்று நீட்டினான்.

வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது அதைப் போட்டுக்கொள்ள எனக்குத்தான் பயமாக இருந்தது.