ஒவ்வாமை: இல்லை

ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தபடியே அவன் லிஃப்ட்டைக் குறை சொன்னான்.

"முனகலைக் கேட்டியா? எனக்கு முன்னாடி இதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும்."

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில்.

"போற இடத்துலயும் வேலைதானா? வாயை மூடிக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. கதவு இழுத்துக்கொண்டு மூடியது.

குடலிறக்கத்துக்குச் சின்ன அறுவை. மறுநாளே எழுந்து நடக்கலாம் என்றிருந்தார்கள். மேலே போனதும் போட்டது பென்சிலின் ஊசி. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஊசி அவனுக்கு ஆகாது. எப்போதோ பல் பிடுங்கியபோது போட்டு, முகம் வீங்கி இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தவன். சேர்த்த அன்றே வார்டு நர்சிடம் அவள் அதைச் சொன்னாள். கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள்.

கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டபோது அது ஆஸ்பத்திரியின் சொத்து என்று கையை விரித்தார்கள். அதைப் பெறுவது நோயாளியின் உரிமை, அவன் இல்லாதபோது அவன் குடும்பத்தின் உரிமை என்று அவள் அமர்த்திய வக்கீலம்மா கடிதம் எழுதிய பிறகுதான் கவர் வந்தது. கொழுந்தன் பிரித்துப் படித்தான். மூன்றாம் பக்கத்தில் அவன் குரல் நின்றது.

"ஒவ்வாமை: இல்லை. சொன்னவர்: மனைவி." அவன் நிமிர்ந்தான். "என்ன அண்ணி இது?"

"நான் சொன்னேன் தம்பி. ரெண்டு தடவை சொன்னேன்."

"அப்போ இப்படி எப்படி எழுதுவாங்க?"

அன்று முதல் அவன் வீட்டுக்கு வந்தால் கூடத்தோடு திரும்பிவிடுவான். அவளுக்கே சந்தேகம் தட்டியது. சொன்னோமா, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததைச் சொன்னதாக எண்ணிக்கொண்டோமா? பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தைகளை உதட்டில் ஓட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது.

"இழப்பீடு வாங்கித் தர்றது என் பொறுப்பு," என்றார் வக்கீலம்மா.

"எனக்கு அந்த வரி போனாப் போதும்மா."

தீர்ப்பாயத்தில் அந்த நர்சே வந்து நின்றாள். வேறெங்கோ வேலைக்குப் போயிருந்தவளை வக்கீலம்மா தேடிப் பிடித்திருந்தார்.

"இவங்க சொன்னாங்க. ஃபைல் அட்டை மேல சிவப்பு மையில எழுதினேன். எங்க வார்டுல அட்டையிலதான் எழுதுவோம், எல்லார் கண்ணுலயும் படணும்னு. மறுநாள் அட்டை கிழிஞ்சு போச்சு. வார்டு உதவியாளர் புது அட்டை போட்டார். பேர், வயசு, படுக்கை நம்பர் மட்டும் எழுதினார். சிவப்பு எழுத்தை நர்ஸ்தான் எழுதணும்னு விட்டுட்டார். எங்கள்ல யார்கிட்டயும் சொல்லல."

"உள்ளே 'இல்லை'ன்னு இருக்கே?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி வக்கீல்.

"அந்தக் கட்டத்தை வீட்டுக்கு அனுப்புறப்போதான் நிரப்புவோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி 'இல்லை'ன்னு போட்டு, கூட இருந்தவங்களைச் சொன்னவர்னு எழுதிடுவோம். இவருக்கு... அவர் போனப்புறம் யாரோ நிரப்பியிருக்காங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

தவறு ஆஸ்பத்திரியுடையது என்று தீர்ப்பானது. மறுவாரமே தீர்ப்பின் நகலோடு பதிவேட்டு அறைக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ரொம்ப வருத்தம்மா. ஆனா சட்டப்படி எழுதினதை யாரும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. தீர்ப்பை வேணா பின்னாடி சேர்த்து வைக்கிறேன்."

வாசலில் காத்திருந்த வக்கீலம்மாவும் அதையேதான் சொன்னார். "அந்தச் சட்டம் நோயாளிங்களுக்காக வந்ததும்மா. மாத்தலாம்னு இருந்தா, அவங்க முதல்லயே மொத்தத்தையும் மாத்தியிருப்பாங்க."

அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். தீர்ப்பை முழுசாகப் படித்தான், மடித்தான், அதன் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா, உள்ளேயும் எழுதியிருப்பாங்களோ?"

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், இரும்பு அலமாரியில், ஃபைலின் மூன்றாம் பக்கத்தில் நீல மையில் எழுதியிருக்கிறது: ஒவ்வாமை: இல்லை. சொன்னவர்: மனைவி.