உறுப்பினர் எண் நான்கின் மண்டை

பாதசாரிகள் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் காலியாக மூன்று வழிகள் உண்டு: சாவு, ராஜினாமா, தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராமல் இருப்பது. லாரிக்காரர் இளகிய மனசுக்காரர். இன்னொருவர் இடத்தைக் காலி செய்ய மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

இடம் காலியானால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். முதலில் இருந்தவர் லாரிக்காரர். கடைசியில் இருந்தவரும் அவரே.

காலியாக வேண்டிய இடம் என் மாமாவுடையது. தையற்கடைக்காரர், உறுப்பினர் எண் நான்கு. பள்ளிக்கூடத் திருப்பத்தில் லாரிக்காரரின் ஜல்லி லாரி ஏறி மாமாவின் மகளுக்கு ஒரு கால் போனது. அங்கே வேகத்தடை போடவேண்டும் என்ற தீர்மானத்துக்கு நாலு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. ஒன்பதாவது ஓட்டு மாமாவுடையது. அதனால் முதல் கூட்டத்தன்று அவருக்கு மூன்று விலா எலும்புகள் உடைந்தன. இரண்டாவது கூட்டத்தன்று இடது கை. இரண்டுக்கும் அவரால் போக முடியவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன். குழுக்கள் பிரிவில் நான் தற்காலிக எழுத்தர். எப்படியும் போகிற வழிதான்.

"டேய், மாமாவை முழுசா திருப்பிக் கூட்டிட்டு வா," என்றாள் அத்தை.

"இப்ப இருக்கிற அளவுக்குக் கூட்டிட்டு வரேன் அத்தை."

பத்து மணிக்குக் கூட்ட அறைக்குள் நுழைந்தோம். வருகைப் பதிவேடு மேசைமேல் இருந்தது. பத்து பத்துக்கு அதை மூடிவிடுவார்கள். பார்வையாளர் பெஞ்சில் லாரிக்காரரும் இரண்டு தடியன்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க தையல்காரரே. கை எப்படி இருக்கு?"

"இன்னொண்ணு இருக்கே," என்ற மாமா பேனாவை எடுத்தார்.

லாரிக்காரர் எழுந்து, மர நாற்காலி ஒன்றைத் தூக்கி மாமாவின் தலையில் இறக்கினார். நாற்காலி மூன்று துண்டானது. மாமா ஒரே துண்டாக விழுந்தார். காதுப்பக்கமிருந்து ரத்தம் தரைக்கு வந்து, சந்துகளில் வழி கேட்டுக்கேட்டுப் போனது. பேனா பிடித்திருந்த விரல்கள்மேல் பூட்ஸ் ஏறியது. சுள்ளி ஒடிகிற சத்தம், நாலு தடவை.

"இப்பப் போடுங்க கையெழுத்து."

நான் பாய்ந்தேன். ஒரு தடியன் என் வயிற்றில் முழங்காலை வைத்தான்; காலைச் சாப்பாடு வெளியே வந்தது. மற்ற எட்டு உறுப்பினர்களும் நிகழ்ச்சிநிரலை உன்னிப்பாகப் படித்தார்கள். அது ஒரு பக்கம்தான்.

பத்து பத்து. பிரிவு அதிகாரி மாமாவைத் தாண்டி வந்து, நான்காம் எண்ணுக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதி, பதிவேட்டை மூடினார். லாரிக்காரர் மாமாவின் இருக்கையில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அதிகாரியின் கண் நாற்காலியில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, அரசாங்க நாற்காலிப்பா! தணிக்கை வந்தா என் தலையில விடியும். அந்தத் தளவாடப் பதிவேட்டை எடு. நான் சொல்றேன், நீ எழுது."

நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். அவர் சொன்னார்: "காலை பத்து ஐந்துக்கு, கூட்ட அறையில், உறுப்பினர் எண் நான்கின் மண்டைமேல் பட்டு நாற்காலி உடைந்தது. இதில் எனது கவனக்குறைவு ஏதுமில்லை." கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். அவருக்கு மூச்சு வந்தது.

இரண்டு பதிவேடுகளையும் அவர்முன் விரித்தேன்.

"சார், வராத ஆளோட மண்டையில நாற்காலி எப்படி உடையும்?"

அதிகாரி இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். தளவாடப் பதிவேட்டில் முத்திரை காய்ந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் வெறும் பேனா மைதான். மாமாவையா நாற்காலியையா என்று யோசித்தவர் நாற்காலியின் பக்கம் நின்றார். "வரவில்லை"யை அடித்து "வந்தார்" என்று எழுதினார்.

"டேய், காகிதம் தின்னி!" லாரிக்காரர் உடைந்த நாற்காலிக் காலை எடுத்து அதிகாரியின் நெற்றியைப் பிளந்தார். அதிகாரி மேசையோடு சரிந்தார். உறுப்பினர்களை அடித்தால் மாநகராட்சிக்கு ஒன்றுமில்லை. அதிகாரியை அடித்தால் ஊழியர்கள் வருவார்கள். வந்தார்கள், ரப்பர் முத்திரை, ஸ்டேப்ளர், குடைக்கம்பு சகிதம். லாரிக்காரரின் மூக்கு உடைந்தது. தடியன்களில் ஒருவனுக்குப் பல் மூன்று.

கூச்சல் அடங்கும்முன் ஆதரவு உறுப்பினர் ஒருவர் தீர்மானத்தை வாசித்தார். நாலு கைகள் உயர்ந்தன. தரையிலிருந்து ஐந்தாவதாக, மாவுக்கட்டுப் போட்ட கை ஒன்று.

நிறைவேறியது. அது வெறும் ஆலோசனைதான். மாநகராட்சி கேட்டே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அதிகாரி நெற்றியில் ஒன்பது தையலோடு கோப்பின்மேல் "மிக அவசரம்" என்று எழுதினார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வேகத்தடைக்கு உத்தரவு வந்துவிட்டது.

மாமாவின் வலது கை விரல்கள் இனி ஊசி பிடிக்காது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மகள் ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள்.

"எவ்ளோ உயரம்ப்பா போடுவாங்க?"

மாமா விரலால் காட்டப் பார்த்தார். முடியவில்லை.

அத்தை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

நான் வாங்கிக்கொண்டேன். முழுசாகத்தானே கேட்டிருந்தாள்.