அரைச் சாண்

எட்டுப் பேருக்குத்தான் இடம். ஏழு பேர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார்கள். எட்டாவது ஆள் மார்லிஸா, அவள் அக்கா புருஷன் வெர்னரா என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே பேசிக்கொண்டிருந்த பேச்சு.

ஏரிக்கரைப் புல்வெளியில் இலையுதிர் காலத்தில் நடக்கும் பழந்துப்பாக்கிப் போட்டிக்கு அவர்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்கு அழைப்பு வருவது இருபத்துநான்கு வருஷத்துக்கு ஒருமுறை. போனமுறை மார்லிஸுக்கு முப்பது வயது, கையில் மாவுக்கட்டு. வெர்னருக்கு அன்று பேருந்து ஓட்டும் முறை. இந்தமுறை விட்டால் அடுத்தமுறை மார்லிஸுக்கு எழுபத்தெட்டு. வெர்னருக்கு எண்பத்தைந்து. சீஸ் கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே அவள் இந்தக் கணக்கை ஒரு மாதமாகப் போட்டுப் பார்த்து எரிச்சலடைந்திருந்தாள். போயே தீரவேண்டும். வேறு பேச்சுக்கே இடமில்லை.

அவளுடையது ராணுவம் கழித்துவிட்ட கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி. சிக்கென்று இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். வெர்னருடையதோ நூற்று நாற்பது வயதான வெட்டர்லித் துப்பாக்கி. கருமருந்து போட்டுச் சுட்டால் அடுப்பில் ஈரவிறகு வைத்த மாதிரி வெள்ளைப் புகை கிளம்பும். அதனால் சங்கத்தில் எப்போதும் வெர்னரைக் காற்று வெளியேறும் கோடியில் படுக்கவைப்பார்கள். அன்று மட்டும் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். வெர்னருக்கு நாலாம் தடம், மார்லிஸுக்கு ஐந்தாம் தடம்.

"அத்தான், உங்க சமையலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுக்கோங்க. எனக்குக் கண்ணு எரியும்."

"கண்ணு எரியறது புகையாலயா, பொறாமையாலயா?" என்றார் வெர்னர்.

இருவருக்கும் நடுவில் எண்ணிக்கை எழுதும் நாற்காலியில் அவள் அக்கா ரோஸ்மரி உட்கார்ந்திருந்தாள். தங்கை ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு சுடுங்க. சாயங்காலம் நான்தான் ரெண்டு பேருக்கும் சோறு போடணும்" என்று பென்சிலைச் சீவினாள்.

முதல் ஒன்பது குண்டுகளில் இருவரும் எண்பத்துமூன்று புள்ளி. மிச்சம் கடைசிச் சுற்று. ஒரு நிமிஷத்தில் ஆறு குண்டு, முந்நூறு மீட்டர். மணி அடித்தது. நாலு குண்டுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம்தான் பள்ளத்தாக்கிலிருந்து காற்று திரும்பியது. வெர்னரின் புகை மொத்தமும் இரண்டு தடத்துக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இலக்குகளின் கீழே இருந்த எண்கள் மறைந்து, கறுப்பு வட்டங்கள் மட்டும் மங்கலாக மிதந்தன. கடிகாரமோ நிற்கவில்லை. இருவரும் சுட்டு முடித்தார்கள்.

பலகைகள் பள்ளத்துக்குள் இறங்கின. அங்கிருந்து குறி காட்டுபவர்கள் தொலைபேசியில் பேச, சங்கத்துச் சுடுகள வாத்தியார் கோட்ஃபிரீட் காதில் வைத்துக் கேட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அஞ்சாம் பலகையில ஆறு ஓட்டை. ஆனா அதுல ஒண்ணு சுண்டுவிரல் நுழையற மாதிரி பெருசா இருக்காம்."

கார்பைன் ஓட்டையில் பென்சில்தான் நுழையும். சுண்டுவிரல் நுழைந்தால் அது வெட்டர்லி. மார்லிஸ் துள்ளி எழுந்துவிட்டாள்.

"அய்யய்யோ அத்தான்! சொந்தப் பலகை எதுன்னு தெரியாம என் பலகையில சுட்டுட்டீங்களா? ரோஸ்மரி, இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்போ கையைப் பிடிச்சுக்கோ, பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சிடப் போறார்! முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்களே, ஜனங்க எல்லாம் அவங்கவங்க ஊர்லதான் இறங்கினாங்களா?"

சுடுகூடமே சிரித்தது. வெர்னர் காது சிவக்கத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மார்லிஸ் இன்னும் இரண்டு நையாண்டி கைவசம் வைத்திருந்தாள். அதற்குள் தொலைபேசி மறுபடி கிணுகிணுத்தது.

"நாலாம் பலகையில அஞ்சு பெரிய ஓட்டை," என்றார் கோட்ஃபிரீட். "கூடவே ஒண்ணு பென்சில் ஓட்டை."

மார்லிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் கையை யாரு பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்றாள் ரோஸ்மரி, எழுதியபடியே.

அடுத்தவர் பலகையில் சுட்டது இருவருக்கும் பூஜ்யம். மிச்ச ஐந்தில் இருவருக்கும் நாற்பத்தாறு. மொத்தம் நூற்று இருபத்தொன்பது, நூற்று இருபத்தொன்பது.

அந்தச் சங்கத்தில் சமன் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் துப்பாக்கியில் யார் வேண்டுமானாலும் குறி தவறாமல் சுட்டுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே துப்பாக்கியை மாற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. ஒத்திகை கிடையாது. அதற்கு முன்னால் துப்பாக்கிக்காரர், தன் துப்பாக்கி எங்கே இழுக்கும், எங்கே உதைக்கும் என்பதை எதிராளிக்கு வாயால் சொல்லவேண்டும். எழுதி வாங்குவதில்லை, சத்தியம் கேட்பதில்லை. சொன்னது சொன்னதுதான்.

சுடுவதற்கு முன்னால் அரைமணி இடைவேளை. உருளைக்கிழங்கு சாலட், சுட்ட சாசேஜ், வெள்ளை ஒயின். மார்லிஸுக்கு எதுவும் இறங்கவில்லை. வழக்கம்போலக் கார்பைன் குழலைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. எண்ணெய் பூசிய ஆறின குழலில் அவள் கார்பைனின் முதல் குண்டு எப்போதும் ஒரு சாண் வலப்பக்கம் போகும். இரண்டாவது குண்டிலிருந்துதான் நேராகும். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வெர்னருக்குக் கிடைக்கப்போவதோ முதல் குண்டு மட்டும்.

"சொல்லு மார்லிஸ்," என்று வந்து நின்றார் வெர்னர். "உன் கார்பைன் எப்படி?"

"நேராப் போகும் அத்தான். கறுப்போட அடியில குறி பிடிங்க. விசை ரெண்டு கட்டமா இழுபடும்." சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பொய் ஒன்றும் இல்லை, ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சரியாக ஒட்டவில்லை.

வெர்னர் தன் வெட்டர்லியை மடியில் வைத்துக்கொண்டார். "இது கிழட்டுக் கழுதை. மேலே அடிக்கும். கறுப்பைத் தொடவே தொடாதே, கீழே வெள்ளையில பிடி. விசை கனம், இழுத்துக்கிட்டே இரு, அதுவா ஒருநாள் வெடிக்கும்." கொஞ்சம் தயங்கினார். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பின்குறி வெட்டுல வலது பக்கம் சின்னச் சிவப்புப் புள்ளி இருக்கு பாரு. முன்குறியை நடுவுல வைக்காதே, அந்தப் புள்ளியோட ஒட்ட வை. இதுதான் என் ரகசியம். பதினஞ்சு வருஷமா ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். "இது என்ன சாயம்?"

"ரோஸ்மரியோட நகச்சாயம்."

பின்னாலிருந்து ரோஸ்மரியின் குரல் வந்தது. "அந்தக் குப்பி உங்க கிட்டயா இருக்கு? நான் என் தங்கச்சிதான் சுட்டுட்டான்னு நெனச்சுட்டிருந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸால் சிரிக்க முடியவில்லை. பாவி மனுஷன், பதினைந்து வருஷ ரகசியத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சாசேஜ் தின்னப் போகிறாரே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெர்னர்தான் முதலில். கார்பைனோடு குப்புறப் படுத்தார், காதுமூடியை மாட்டினார், கன்னத்தைக் கட்டையில் வைத்தார். மார்லிஸ் உதட்டைக் கடித்தாள். புல்வெளி, ஏரி, எழுபத்தெட்டு வயது எல்லாம் கண்முன் வந்து போயின. பிறகு அவளையும் மீறி வாய் திறந்துகொண்டது.

"அத்தான்! இருங்க!"

வெர்னர் ஒரு காதுமூடியைத் தூக்கினார்.

"எண்ணெய் போட்ட குழல். முதல் குண்டு ஒரு சாண் வலது பக்கம் போகும். இடது பக்கம் ஒரு சாண் தள்ளிப் பிடிங்க."

கோட்ஃபிரீட் இருமினார். வெர்னர் அவளை ஒரு கணம் பார்த்தார், தலையாட்டினார், காதுமூடியை இறக்கினார். சுட்டார். பலகை இறங்கி ஏறியது. குறிகாட்டும் தட்டு வலப்பக்கம் நின்றது. எட்டு.

இப்போது மார்லிஸின் முறை. வெட்டர்லி கனத்தது, கட்டையில் வெர்னரின் புகையிலை வாசம். கறுப்புக்குக் கீழே வெள்ளையில் பிடித்தாள். முன்குறியைச் சிவப்புப் புள்ளியோடு ஒட்டவைத்தாள். நான் முதலில் மறைத்த மாதிரி இவரும் ஒன்றை மறைத்திருந்தால் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை விரட்டிவிட்டு, அவர் சொன்னபடியே இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். கழுதை உதைத்தது. எதிரில் வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

புகை விலகியபோது தட்டு பலகையின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. ஒன்பது.

கைதட்டினார்கள். கோட்ஃபிரீட் எட்டாவது பெயரைப் பட்டியலில் எழுதினார். ரோஸ்மரி தங்கையைக் கட்டிக்கொண்டாள். வெர்னரும் வந்து கைகுலுக்கினார்.

"பாத்தியா? என் கழுதைதான் ஜெயிச்சது."

"அத்தான், நான் சொன்ன இடத்துல பிடிச்சிருந்தா உங்களுக்குப் பத்து விழுந்திருக்குமே. எங்க பிடிச்சீங்க?"

"அரைச் சாண்."

"நான் ஒரு சாண்னு சொன்னேனே!"

"சொன்னே. முதல்ல நேராப் போகும்னும் சொன்னே," என்றார் வெர்னர். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் அவளைக் குத்தியது. "ரெண்டையும் கூட்டிப் பாதியா வகுத்தேன். முதல்லயே சொல்லியிருந்தா முழுச் சாணும் நம்பியிருப்பேன்."

மார்லிஸ் குனிந்து வெட்டர்லியைக் கையில் எடுத்தாள்.

கருமருந்து சுட்ட துப்பாக்கியைக் கடைசியாகச் சுட்டவர்தான் கழுவவேண்டும், அதுவும் வெந்நீரில், உடனே. அவள் சமையலறையிலிருந்து இரண்டு கெட்டில் வெந்நீர் வாங்கிவந்து, கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து, வெட்டர்லியின் குழலில் ஊற்றினாள். மைபோலக் கறுப்பாக வந்தது. மறுபடி ஊற்றினாள். வெர்னர் எதிரில் உட்கார்ந்து காஃபியில் பழச்சாராயம் கலந்து குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிவாக வரும்வரை ஐந்து கெட்டில் ஆயிற்று. பின்குறியை மட்டும் அவள் துணியால் தேய்க்கவில்லை. சிவப்புப் புள்ளி அழிந்துவிடாமல் ஓரமாக ஒற்றி எடுத்தாள்.